மகள் கேட்கும் பெயர்

ஒனிஹங்கா,
ஓக்லாந்து.
7.5.1989

யோகராணியின் அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். எப்போதும் ‘அன்புள்ள அத்தான்’ என்று தொடங்குகிறவள் இன்று இப்படித் தொடங்கக் காரணம் உங்கள் கடிதம்தான். இரண்டு பக்கத்தில் ஓர் இடத்திலாவது நீங்கள் ‘எங்கள் மகள்’ என்று எழுதவில்லை. ‘உன் மகள்’, ‘உன் மகள்’ என்றே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் படிப்பை விடாவிட்டால் இனி உங்கள் பெயரை அவள் எங்கும் சொல்லக்கூடாது என்று கடைசியில் ஒரு வரி. அதை அவளும் வாசித்துவிட்டாள். நான் மறைக்கவில்லை. மறைத்துப் பட்டது போதும், அதைப் பிறகு சொல்கிறேன்.

சோதிலிங்கம் உங்களுக்கு என்ன எழுதினாரோ தெரியாது. பக்குரங்காவில் இருந்துகொண்டு எங்கள் வீட்டில் நடப்பதை எங்களுக்கு முன்னமே தெரிந்து வைத்திருக்கிற மனிதர். வெள்ளைக்காரரோடு காட்டுக்குள் போய் மரம் கும்பிடுகிறாள் என்று எழுதியிருப்பார். காடும் இல்லை, கூட்டமும் இல்லை. ட்ரூயிட் என்று, கிறிஸ்தவம் வருவதற்கு முன் இங்கிலாந்து, அயர்லாந்துப் பக்கம் இருந்தவர்களின் வழி. அதை இந்தக் காலத்துக்கு ஏற்றபடி சிலர் மறுபடி எடுத்துப் படிக்கிறார்கள். மூன்று படிகள் உண்டாம். முதற்படி பாட்டும் கதையும் கற்கிறவர்களுக்கு. அதற்கே ஒரு வருடத்துக்கு மேலாகும். மாதம் ஒரு பாடம் இங்கிலாந்திலிருந்து தபாலில் வரும். இவள் செய்ததை எழுதி அனுப்ப, ஓர் அம்மா படித்துப் பதில் எழுதுகிறா. யூனிவர்சிட்டியில் தாவரவியல் படிக்கிற பிள்ளை, மரத்தோடு இருக்கச் சொல்கிற பாடத்தைத் தேடிப் போனதில் எனக்கு இப்போது ஆச்சரியமில்லை.

அப்போது இருந்தது. போன ஒக்டோபரில் முதற்பாடம் வந்தபோது உங்களைவிட நான்தான் கோபத்தில் துள்ளினேன். தினமும் விடிய முன் ஒரே இடத்தில் இருபது நிமிடம் இருந்து, கண்டதையும் கேட்டதையும் கொப்பியில் எழுத வேண்டும். இவள் பின்வளவில் இருக்கிற ஃபீஜோவா என்ற பழமரத்தடியில் போய் இருந்தாள். அடுத்த மூன்று மாதமும் வந்த உறைகளை நான் எடுத்து, சுடுதண்ணீர்த் தொட்டி இருக்கிற அலமாரியில் துவாய்களுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். பாடம் வராவிட்டால் தானாக விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். உங்களுக்குப் பன்னிரண்டு வயதில் தீட்சை தந்த குருக்கள் விடாமல் அனுட்டானம் பார்க்கச் சொல்ல, நீங்கள் இரண்டாம் கிழமையே விட்ட கதையை உங்கள் அக்கா எனக்குச் சொல்லியிருக்கிறா. அந்த இரத்தம்தானே என்று நம்பியிருந்தேன்.

இவள் விடவில்லை. தை மாதம் முடியிற நேரம், பாடம்தான் வருவதில்லையே, விட்டுவிடன் என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன். “வராட்டிப் பரவாயில்லை அம்மா. முதலாவது பாடத்தையே நான் இன்னும் சரியாச் செய்யேல்லை” என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மூன்று உறைகளையும் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். அலமாரிச் சூட்டில் அவை இளஞ்சூடாக இருந்தன. முத்திரைகளில் இருந்த தேதியைப் பார்த்தாள். எனக்கும் சேர்த்துத் தேத்தண்ணி போட்டாள்.

அதன் பிறகும் ஒரு நாள் சண்டை பிடித்தேன். மரத்தைச் சுற்றி நடக்கும்போது இடப்பக்கமாகச் சுற்றினாள். கோயிலை வலம் வந்து வளர்ந்த பிள்ளை செய்கிற வேலையா என்று ஏசினேன். பாடத்தில் வலமாகத்தான் இருக்கிறதாம். சூரியன் போகிற வழியில் போக வேண்டும் என்பது அதன் கருத்தாம். இந்த நாட்டில் சூரியன் அப்படிப் போவதில்லை, நின்று பாருங்கள் என்றாள். ஞாயிற்றுக்கிழமை உடுப்புக் காயப்போடுகிற சாட்டில் காலையிலிருந்து பின்னேரம் வரை பார்த்தேன். உண்மைதான். கிழக்கில் எழும்பி, வடக்குப் பக்கமாக, பார்த்து நிற்கிறவருக்கு வலமிருந்து இடமாகப் போகிறது. ஐந்து வருடமாக அந்தக் கொடியில் உடுப்புப் போடுகிறேன், ஒரு நாளும் கவனித்ததில்லை.

அதை அவள் இங்கிலாந்துக்கு எழுதினாள். அங்கே குளிர்காலச் சடங்கு செய்கிற மார்கழியில் இங்கே வெயில் கொளுத்துகிறது, அதையும் ஆனிக்கு மாற்ற வேண்டும் என்று காரணத்தோடு நாலு பக்கம். அந்த அம்மாவின் பதில் பங்குனி மாதம் வந்தது. இவள் சொன்னது சரி, இந்தப் பக்கத்து நாடுகளில் படிக்கிற மற்றவர்களுக்கும் இதைப் பாடத்தோடு அனுப்பப் போகிறோம் என்று எழுதி, ஒரு பிரதியும் வைத்திருந்தா. அடியில் ‘யோகராணி இராசநாயகம், ஓக்லாந்து’ என்று டைப் பண்ணியிருக்கிறது. அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய், லோண்டரியில் கூட வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் காட்டினேன். சோதிலிங்கத்துக்கும் நானேதான் காட்டினேன். எனக்குப் பெருமை அடங்கவில்லை.

எங்கள் சமயத்தை விட்டுவிட்டாயா என்று நேரே கேட்டேன். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கை அவள்தான் ஏற்றுகிறாள். அவளுக்கே தெரியாததை நான் தோண்டவில்லை, நீங்களும் தோண்டாதீர்கள்.

வருகிற ஜூன் 21, இங்கே ஆகக் குறுகிய பகல். அன்று விடிய வன் ட்ரீ ஹில் என்ற மலைச் சரிவில், முறைப்படி இந்த வழியில் சேர்கிற சடங்கைத் தானே செய்யப் போகிறாள். சாட்சிக்கு ஒருவர் நிற்கலாமாம். என்னைக் கேட்டிருக்கிறாள். தீட்சை என்றால் தீட்சைதானே என்று வெள்ளைப் பருத்திச் சேலை வாங்கி வைத்து, மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் சாப்பிடக்கூடாது என்றும் கட்டளை போட்டேன். சிரித்தாள். அவள் மச்சம் விட்டு ஏழு மாதமாம். அதற்கு முதல் நாளும் அவள் எனக்கு மட்டும் மீன் பொரித்துத் தந்ததை அப்போதுதான் யோசித்தேன்.

அந்தச் சடங்கில் தன் பெயரையும், தான் யாருடைய பிள்ளை என்பதையும் உரத்துச் சொல்ல வேண்டும். “அப்பா வேண்டாமெண்டு எழுதியிருக்கிறார். அவர் ஓம் எண்டு சொல்லாமல் அவரின்ர பெயரை நான் சொல்லமாட்டன்” என்கிறாள். யூனிவர்சிட்டியில், வங்கியில், லைப்ரரி கார்டில் எல்லாம் உங்கள் பெயர் அவள் பெயருக்குப் பின்னால் நிற்கிறது. அதற்கெல்லாம் அவள் உங்களைக் கேட்டதில்லை. இதற்கு மட்டும் கேட்கிறாள். என் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டு என் பிள்ளை அந்தக் குளிரில் நிற்பதைப் பார்க்க என்னால் முடியாது.

பிறஷர் குளிசையை ஒழுங்காகப் போடுங்கள். விசாவுக்குக் கேட்ட மெடிக்கல் றிப்போட்டையும் அனுப்புங்கள். பென்சன் கிடைத்த மறுமாதமே நீங்கள் இங்கே வந்துவிட வேண்டும். நீங்கள் அங்கே வெள்ளவத்தையில் போடுகிற கடிதம் இங்கு வர மூன்று கிழமையாகிறது, அதனால் தாமதிக்க வேண்டாம். வாழ்த்தி எழுத மனம் வராவிட்டால் உள்ளே ஒன்றும் எழுதாதீர்கள். உறையின் மேல் அவளுடைய முழுப்பெயரையும் உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள். அவள் விளங்கிக்கொள்வாள்.

இப்படிக்கு,
யோகராணியின் அம்மா,
செல்வநாயகி