திரையை அணைத்து வாங்கிய பிளாப்பி

இராஜபாளையம்,
14.11.1998

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் மாஜிதா தன் கையாலேயே தட்டுவது. வீட்டில் யாருக்கும் ஒரு தும்மல்கூட இல்லை. ஷார்ஜாவில் நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

ஆமாம், என் கையால்தான்! நாலு வருடமாக நான் சொல்லச் சொல்ல உங்கள் தங்கை அசீனா எழுதினாள். உங்கள் பதிலையும் அவளே வாசித்துக் காட்டினாள். கண் தெரியாதவளுக்கு வேறு வழி? தங்கமான பிள்ளைதான். ஆனாலும் நாத்தனாரிடம் எதையெல்லாம் சொல்லி எழுதச் சொல்வது?

அதனால்தான் நீங்கள் வாங்கித் தந்த கம்ப்யூட்டரில், திரையில் வருவதை வாசித்துச் சொல்லும் அந்தப் பேசும் பெட்டியை வைத்துக்கொண்டு, இரண்டு மாதமாக உங்களுக்கு ஒரு கடிதம் தட்டி வந்தேன். போன வாரம் கரண்ட் போய் வந்ததும் கம்ப்யூட்டர் பாதியிலேயே நின்றுவிட்டது. அது முழுதாகக் கிளம்பினால்தானே பெட்டி பேசும்? வாயே திறக்கவில்லை. யாராவது திரையைப் பார்த்துச் சரிசெய்யலாம். சரிசெய்கிறவர் கடிதத்தையும் படித்துவிடுவாரே! அதற்கு அது அழிந்தே போகட்டும் என்று ஒரு நாள் முழுக்க அழுதேன்.

பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் கம்ப்யூட்டர் கடை வைகுண்டராஜ் தம்பியை வரச் சொன்னேன். அழிந்ததை மீட்கும் சாப்ட்வேர் மூன்றை மூன்று பிளாப்பியில் கொண்டுவந்தார். "மொதல்ல மானிட்டரை அணைங்க தம்பி, பொறவு நீங்களே ஓட்டிக் காட்டுங்க" என்றேன். மனிதர் ஆடிப்போய்விட்டார். அவர் ஆகா ஓகோ என்று மெச்சிய முதலாவது முழுக்கப் படம், மௌஸ் இல்லாமல் நகராது. அடுத்தது கீபோர்டில் ஓடியது. ஆனால் சிவப்புக் கட்டம் வந்ததும் எண்டரை அமுக்க வேண்டுமாம். சிவப்புக்கு நான் எங்கே போக? மூன்றாவதைப் பையிலிருந்து எடுக்கவே கூச்சப்பட்டார். "இது பழைய சரக்குக்கா. வெறும் எழுத்துதான் வரும், பாக்க நல்லாருக்காது" என்றார். பார்க்க நன்றாக இல்லாவிட்டால் எனக்கென்ன? அதையே வாங்கிக்கொண்டு, அதே பிளாப்பியில் பேசும் பெட்டிக்கான புரோகிராமையும் சேர்த்துப் போடச் சொன்னேன். அந்தப் பிளாப்பியிலிருந்தே கம்ப்யூட்டரைக் கிளப்பியதும் பெட்டி பேசிவிட்டது மச்சான்! அது சொல்லச் சொல்ல நானே ஒவ்வொரு கீயாக அமுக்கி எல்லாவற்றையும் மீட்டேன்.

அந்தச் சந்தோஷத்தில் ஒரு கூத்தும் நடந்தது. கடிதம் இருக்கிறதா என்று பார்க்கும் அவசரத்தில் சத்தத்தைக் குறைக்காமல் திறந்துவிட்டேன். உங்களுக்கு மட்டும் எழுதிய முதல் பக்கம் வீடு முழுக்க முழங்கியது. எனக்கு உயிரே போய்விட்டது. நல்லவேளை, இதைப் போலவே அதையும் இங்கிலீஷ் எழுத்தில்தான் தட்டியிருந்தேன். வெள்ளைக்காரன் தொண்டையில் வந்த தமிழ், கேட்டுப் பழகிய என்னைத் தவிர யாருக்கு விளங்கும்? "என்ன மதினி, இங்கிலீஷ் நியூஸா? எம்புட்டு வேகமா வாசிக்கான்!" என்றாள் அசீனா. ஆமாம் என்று தலையாட்டினேன்.

செட்டியார்பட்டி காமராஜ் அண்ணன் வெள்ளிக்கிழமை ஷார்ஜா புறப்படுகிறார். அந்தக் கடிதத்தையும் இதையும் பிளாப்பியில் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அங்கே ஒரு கம்ப்யூட்டரில் இதே மாதிரி இங்கிலீஷ் எழுத்தில் தட்டி பிளாப்பியிலேயே அனுப்புங்கள். நாலு வருடமாக உங்கள் கடிதங்களில் மாமியின் மூட்டுவலியும் ஊரில் மழை உண்டா என்பதும்தான் இருக்கின்றன. அசீனா வாசிப்பாள் என்றுதானே? இனி நான் மட்டும்தான் கேட்பேன். அல்லாஹ் உங்களுக்கு நல்ல சுகத்தைத் தரட்டும். கூச்சப்படாமல் எழுதும் தைரியத்தையும் தரட்டும்.

உங்கள்,
மாஜிதா