டாடியின் பெயர் இல்லாத டேப்லெட்

என் பிரிய டாடி,

அம்மாவுக்கு டேப்லெட் வாங்கிவிட்டேன். பெரிய திரை, சத்தமான ஸ்பீக்கர். கடைக்காரர் கேமராவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். "அதெல்லாம் வேணாம் சார். தெரியாதவன் கூப்பிட்டா மணி அடிக்கவே கூடாது. இதுல முடியுமா, முடியாதா?" என்று கேட்டேன்.

ஏன் என்று உங்களுக்குத் தெரியாதே. போன மாதம் போலீஸ் உடுப்பில் ஒரு மோசடிக்காரன் அம்மாவை வீடியோ காலில் மூன்று மணி நேரம் மிரட்டி உட்காரவைத்தான். சர்ச்சிலிருந்து ஸ்டெல்லா ஆன்ட்டி தற்செயலாக வந்ததால் தப்பினாள்.

"ஏம்மா கட் பண்ணல?" என்று கத்தினேன்.

"அவங்க போனை வெக்காம நாம எப்படிடா வெக்கறது? மரியாதையா அது?"

ராங் நம்பருக்கும் "காட் ப்ளெஸ் யூ" சொல்லிவிட்டு, அவன் வைக்கும்வரை காத்திருப்பவள். நீங்கள்தான் வந்து போனைப் பிடுங்கி வைப்பீர்கள். இப்போது யார் பிடுங்குவது? ஒயிட்ஃபீல்டில் என் வீட்டிலிருந்து ரிச்சர்ட்ஸ் டவுனில் அம்மாவிடம் வந்து சேரவே எனக்கு ஒன்றரை மணி நேரம்.

பட்டியலில் உள்ளவர்கள் மட்டும் கூப்பிடும்படி செய்துவிட்டு, அம்மாவின் பழைய போனிலிருந்த எண்களை ஏற்றினேன். உங்கள் பெயரும் வந்தது. பக்கத்தில் தொப்பி போட்ட யாரோ ஒருவனின் படம். கீழே 'ஆன்லைன்'.

தப்பு என்னுடையது. செத்தவருக்கு எதற்கு சிம் என்று ரீசார்ஜை நிறுத்தியவன் நான். விட்ட எண் இன்னொருவனுக்குப் போகும் என்று தெரிந்தே நிறுத்தினேன்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "யாருடா இது?"

"வேற யாரோம்மா. டாடி நம்பர் இப்ப அவன்கிட்ட இருக்கு."

"புரியுதுடா. ஆனா இந்தப் பேர்ல மணி அடிச்சா நான் எடுத்துடுவேன், டேனி."

அவன் நல்லவனாகவே இருக்கலாம். இல்லாவிட்டால்? அதைக் கண்டுபிடிக்க எந்த செட்டிங்கும் இல்லை, டாடி. அழிக்கப் போனேன்.

"நீ அமுக்காத. குடு இங்க."

அவள் விரல் இரண்டு முறை தவறியது. மூன்றாவது முறை நீங்கள் போய்விட்டீர்கள்.

இப்போது அதில் ஐந்து பெயர்கள்தான். தினமும் ஏழு மணிக்குக் கூப்பிடுகிறேன். எடுக்கத் தாமதமானால், அடிக்கும் ஒவ்வொரு மணியையும் எண்ணுகிறேன். எவன் முன்னால் உட்கார்ந்திருக்கிறாளோ, எங்கே விழுந்து கிடக்கிறாளோ.

'மீட்டிங் இருக்கு' என்று பாதியில் வெட்டும் வேலை இனி இல்லை. அவள் வைக்க மாட்டாள். நானும் வைக்க மாட்டேன். பேட்டரி தீர்ந்தால் தீரட்டும்.

உங்கள் எண்ணைக் கைவிட்ட,
உங்கள் ஒரே மகன்,
டேனி