சத்தம் வைக்காத இடங்கள்

மார்ச் 3, செவ்வாய்

பாப்பாவுக்கு இன்றோடு ஏழு வாரம். பதினொரு மணிக்குத் தூங்கினாள். குளிக்கப் போனேன். தண்ணீரைத் திறந்ததும் அழுகை. ஈரத்தோடு ஓடிவந்தால், மகாராணி வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். திரும்பிப் போனேன். மறுபடியும் அழுகை, மறுபடியும் ஓட்டம். மூன்றாவது முறை தலை முழுக்க சோப்பு நுரையோடு தொட்டில் பக்கத்தில் நின்றேன்.

மாமியார் துணி மடித்துக்கொண்டே, "புள்ள தூங்கும்போது நீயும் தூங்கிக்கம்மா" என்றார். இதைச் சொல்வதற்குத் தபால்காரர் ஒருவர்தான் பாக்கி.

மார்ச் 5, வியாழன்

தூங்கவில்லை.

மார்ச் 6, வெள்ளி

வீட்டுக்காரர் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். காலை ட்ரிப்புக்கும் மாலை ட்ரிப்புக்கும் நடுவில் வீட்டில் இருப்பார். "மேனேஜர் என்ன சொல்றாங்க?" என்று வழக்கம்போல பாப்பாவைக் கொஞ்சிக்கொண்டு வந்தார். எரிந்து விழுந்தேன். அவர் அவளை வாங்கிக்கொண்டு, "போய்ப் படு" என்றார்.

படுத்தேன். அடுத்த அறையில் வீல் என்று அழுகை. எழுந்து ஓடினேன். இரண்டு பேரும் ஜன்னலோரம் அமைதியாக நிற்கிறார்கள்.

"அழுதாளே?"

"இல்லியே."

அந்தப் பார்வை. நான் என்ன பொய்யா சொல்றேன்? எனக்குக் கேட்டுச்சு. கேட்டுச்சுன்னா கேட்டுச்சு.

காதுதான்! ஏன் இது முன்பே தோன்றவில்லை? ஒன்பது வருடமாகக் காது பரிசோதனை நிலையத்தில் வேலை. "காதுக்குள்ள விசில் அடிக்குது" என்று வருபவர்களுக்கு எத்தனை முறை தைரியம் சொல்லியிருக்கிறேன். பிரசவத்தில் காது கெட்டிருக்கும். இப்படி நினைத்ததும் சந்தோஷமாகக்கூட இருந்தது. வைத்தியம் செய்தால் சரியாகிவிடும்.

மார்ச் 9, திங்கள்

அவளைத் தூக்கி வைத்திருக்கும்போது எனக்குள் ஒன்றுமே இல்லை. பாசம் இல்லை, கோபம்கூட இல்லை. வேறு யாராவது இவளுக்கு அம்மாவாக இருந்தால் நன்றாக இருக்கும். நான் இல்லாமல் போய்விட்டால்—

எழுதிவிட்டேன். கோடு போட்டு அடிக்கப் போவதில்லை.

யார்கிட்ட சொல்றது? சொன்னா புள்ளையை என்கிட்டேருந்து வாங்கிடுவாங்களோ?

மார்ச் 11, புதன்

பாப்பாவை மாமியாரிடம் விட்டுவிட்டு நிலையத்துக்குப் போனேன். என்னோடு வேலை பார்க்கும் பெண்தான் பரிசோதித்தாள். இத்தனை வருடமும் ஒலி புகாத அறையின் கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்த நான், இன்று ஹெட்போன் மாட்டிக்கொண்டு உள்ளே. சத்தம் எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினேன். நடுநடுவே தூரத்தில் அழுகை. அதற்கும் நேர்மையாக அழுத்தினேன்.

கதவைத் திறந்து வந்தாள். "அக்கா, காது ரொம்ப நல்லா இருக்கு."

அழுகை வந்துவிட்டது எனக்கு. காது கெட்டிருக்க வேண்டும் என்று அவ்வளவு நம்பியிருக்கிறேன்.

"ஆனா..." தாளைக் காட்டினாள். பரிசோதனையில் நடுநடுவே சத்தமே வைக்காமல் விட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். அப்போதும் அழுத்தினால் ஆள் ஊகத்தில் அழுத்துகிறார் என்று பொருள். "சத்தம் வைக்காத இடத்துல பதினாலு தடவை அழுத்தியிருக்கீங்க. அங்க என்னக்கா கேட்டுச்சு?"

"பாப்பா அழற சத்தம்."

என் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "கடைசியா எப்பக்கா நல்லாத் தூங்கினீங்க?"

யோசித்தேன். தெரியவில்லை. ஒன்பதாம் தேதி இங்கே எழுதியதை அப்படியே ஒப்பித்துவிட்டேன். அவள் பதறவில்லை. என் கையை விடவும் இல்லை. "வீட்டுக்கு நான் பேசவா, நீங்க பேசறீங்களா?"

நானே பேசினேன். அவர் மாலை ட்ரிப்பை வேறு ஆளிடம் ஒப்படைத்துவிட்டு, சீருடையோடு வந்து நின்றார்.

மார்ச் 12, வியாழன்

மனநல மருத்துவர் என் வயதுக்காரர்தான். கேட்டார்: "பாப்பா தூங்கும்போதாவது உங்களுக்குத் தூக்கம் வருதா?"

தூங்கு, தூங்கு என்று எல்லோரும் சொன்னார்களே தவிர, வருதா என்று ஒருவரும் கேட்கவில்லை.

"உங்க மேல தப்பில்ல. குழந்தை பிறந்தப்புறம் நிறைய பேருக்கு வர்ற நோய்தான். மருந்து இருக்கு. தூக்கமும் அதுல ஒரு மருந்து."

"புள்ளையை வாங்கிடுவீங்களா?"

"மாட்டோம். ஆனா கொஞ்ச நாளைக்கு உங்களைத் தனியா விடமாட்டோம்."

ராத்திரி முதல் பாதி முழுக்கத் தன் டூட்டி என்றார் வீட்டுக்காரர். பாட்டிலில் பால் கொடுப்பது எப்படி என்று மருத்துவரிடமே பாடம் கேட்டார். வெளியே வந்து முகத்தைக் கழுவிக்கொண்டார். ரொம்ப நேரம் கழுவினார்.

மார்ச் 27, வெள்ளி

இன்றும் தொட்டிலுக்கு வீணாக ஓடினேன். இரண்டே முறை.

ஏப்ரல் 2, வியாழன்

மாத்திரை சாப்பிட்டால் வாய் வறண்டுபோகிறது. யாரையும் பிடிக்கவில்லை. மாமியார் கடைக்குக்கூட என்னோடு வருகிறார். தப்பியோடும் கைதிபோல வேகமாக நடந்தேன். அவரும் மூச்சிரைக்க வேகமாக நடந்தார்.

ஏப்ரல் 18, சனி

சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குச் சும்மா சாய்ந்தேன். விழித்தபோது நாலரை. தலையணை முழுக்க எச்சில்.

கூடத்தில் வீட்டுக்காரர் சட்டையெல்லாம் பால் கறையோடு நிற்கிறார். தோளில் மேனேஜர். மாமியார் நாற்காலியில் காலை நீட்டிச் சரிந்திருந்தார்.

"அடேயப்பா, ஒரு மணி நேரம் ஊரையே கூட்டிட்டா! நாங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்தித் தூக்கிட்டு நடக்கறோம். உனக்குக் கேக்கவே இல்லியாம்மா?"

கேட்கவில்லை. நிஜமாகவே அழுதிருக்கிறாள், எனக்குக் கேட்கவே இல்லை.

வாங்கிக்கொண்டேன். அழுது அழுது மூக்கு நுனி சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினாள். அவ்வளவு நேரம் எங்கே போனாய் என்று புகார். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நெஞ்சு கனக்கிற அளவுக்குப் பாவமாக இருந்தது.

அவளுக்குப் பசி. எனக்கும் பசித்தது.