பதினோராவது துளை

மார்ச் 3

சுவர் எங்கள் தெருமுனைக்கு வந்துவிட்டது. கட்டுவது நான்தான். கலவரத்தில் சந்தையை எரித்த பிறகு இரண்டு பக்கத்துக்காரர்களும் ஒத்துப்போன ஒரே விஷயம் இந்தச் சுவர். அக்கா விரும்பிக் கட்டிக்கொண்டது அந்தப் பக்கத்து ஆளை. இன்றைக்கு அவள் கொல்லைக்கு எதிரே எட்டாவது வரிக் கல்லை வைக்கும்போது அவள் முகம் மறைந்தது. "அழுவுறியாடா? கல்லு கோணலாப் போயிடப்போகுது" என்று மறுபக்கத்திலிருந்து குரல் மட்டும் வந்தது.

மார்ச் 9

பத்தடிக்கு ஒரு துளை விட்டிருக்கிறேன், தரையோடு தரையாக. அவர்கள் தெரு சரிந்து வந்து சுவரில் முட்டுகிறது. கால்வாயோ எங்கள் பக்கம். தண்ணீருக்கு வழி விடாமல் சுவர் வைப்பவன் கொத்தனாரே இல்லை. பதினோராவது துளை அக்கா கொல்லையில். தற்செயலாக அமைந்தது என்று மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை, கேட்கவும் இல்லை.

ஏப்ரல் 20

குப்புறப் படுத்தால் துளையில் அக்காவின் விரல்கள் தெரிகின்றன. மாமாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. கொல்லையறையில் கட்டில் போட்டிருக்கிறாளாம். தூக்கி உட்காரவைக்கவும் அவள் ஒருத்திதான். மாத்திரை அட்டையைத் தள்ளிவிட்டு வந்தேன்.

ஜூன் 2

யாரோ ஒரு துளை வழியாக எரியும் துணியைத் தள்ளினார்களாம். எந்தப் பக்கத்திலிருந்து என்பதற்கு இரண்டு கதை. எல்லாத் துளைகளையும் அடைக்க உத்தரவு. மழை வந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "தண்ணி நம்ம பக்கமா நிக்கப்போகுது? உனக்கென்ன?" என்றார் மேஸ்திரி.

எனக்கென்னவா?

ஜூன் 4

மற்றத் துளைகளை ஒன்றுக்கு நான்கு கலவையில் முறையாக அடைத்தேன். அந்த வீடுகளில் எனக்கு அக்கா இல்லை. எழுதவே அசிங்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் செய்தேன். பதினோராவதுக்கு ஒன்றுக்குப் பதினைந்து. பேருக்குத்தான் சிமெண்ட், மற்றதெல்லாம் மணல். அடைக்கும் முன் படுத்துக்கொண்டு அக்காவிடம் சொன்னேன்: மழை பிடித்தால் கம்பியால் ஒரு குத்து, பொலபொலவென்று கொட்டிவிடும். "நீ சொன்னா சரிடா" என்றாள்.

ஜூன் 5

உதிர்கிறது. விரல் பட்டாலே பொடி. வெள்ளிக்கிழமை பொறியாளர் பார்வையிட வருகிறாராம். கண்டுபிடித்தால் என் கதி என்ன? சிமெண்ட் பால் கரைத்து, உறிஞ்சுகிற வரைக்கும் விட்டு, மேலே மெல்லிசாக ஒரு பூச்சுப் பூசினேன். இப்போது பார்க்க நன்றாக இருக்கிறது.

ஜூன் 12

பொறியாளர் வரவில்லை. பூச்சு நன்றாக இறுக ஏழு நாள் தண்ணீர் காட்டி முடித்தேன்.

அக்டோபர் 17

மூன்று நாளாக மழை. ஊரடங்கு வேறு. அக்கா இதற்குள் குத்தித் திறந்திருப்பாள். ஆனால் மாடியிலிருந்து பார்த்தால் கால்வாயில் தண்ணீர் பாதிகூட இல்லை. ஏன்?

அக்டோபர் 18

சிமெண்ட் பால் உள்ளே வரைக்கும் இறங்கியிருக்கும். ஐயோ. அத்தனை மணலும் அதைக் குடித்திருக்கும். அதற்கு மேல் ஏழு நாள் தண்ணீர் — கல்லாகியிருக்கும். முப்பது வருஷமா கலவை போடுறேன், இது தெரியாதா எனக்கு?

உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு ஓடினேன். முனையில் காவல்காரர்கள் மறித்தார்கள். அங்கே என் அக்கா வீடு என்றேன். ஒருவன் துப்பாக்கியாலேயே என் வீட்டுப் பக்கம் சுட்டிக்காட்டினான். மனைவி வந்து இழுத்துக்கொண்டு போனாள்.

அக்டோபர் 21

இரண்டு பக்கமும் போய்வர அனுமதி உள்ளவர் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒருவர்தான். அவர் வந்தார், உட்காரவில்லை. அக்கா ஒரு பகல் முழுக்கக் கம்பியால் குத்தியிருக்கிறாள். கம்பி வளைந்ததே தவிர துளை திறக்கவில்லை. தண்ணீர் கட்டிலுக்கு மேல் ஏறிவிட்டது. மாமாவின் தலையைத் தோளில் தாங்கிக்கொண்டு, கை மரத்துப்போகும் வரை நின்றிருக்கிறாள். மாமா இறந்துவிட்டார்.

அக்கா சொல்லியனுப்பியதை ஓட்டுநர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "என் தம்பி வேலையில குறை வைக்கமாட்டான். நான்தான் அத மறந்துட்டேன்."

பொறியாளர் வருகிறார் என்று பயந்ததெல்லாம் சாக்கு. என் கையால் வைத்தது உதிர்வதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. அதுதான் நிஜம்.

நவம்பர் 6

இடுப்பளவு தண்ணீர் நின்றும் சுவரில் ஒரு விரிசல் இல்லை என்று பொறியாளர் பாராட்டினாராம். தெற்கே இன்னும் முந்நூறு அடி கட்ட வேண்டும், நாளைக்கு வரச்சொல்லி மேஸ்திரி ஆளனுப்பினார். வருகிறேன் என்றேன். துளை உண்டா என்று கேட்கவில்லை.