மார்க்கத்தின் சூரியன்

பேரனுக்குப் பேர் வைத்த அன்று அந்த அறையில் இருந்தவர்களைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். நம் மகன் காதர். மருமகள் நஸ்ரீன், ஏழு நாள் பச்சை உடம்போடு சோபாவில் சாய்ந்திருந்தாள். அவளைப் பெற்ற மெஹருன்னிசா, சென்னையிலிருந்து எனக்கு முன்னாலேயே வந்து அடுக்களையைப் பிடித்துக்கொண்டவள். எதிர்வீட்டு ராஜி, மதுரைக்காரி, படம் எடுக்கிறேன் என்று போனைத் தூக்கிக்கொண்டு நின்றாள். காதரோடு வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து அந்தோனி, வந்த விருந்தாளியாய் இல்லாமல் நாற்காலி எடுத்துப் போட்டவன். தொட்டிலில் பேர் வைக்காத பிள்ளை. நான். நீங்கள். யாரையும் விட்டுவிடவில்லை. எனக்கு மறதி வந்துவிட்டதாக இந்த வீட்டில் இன்று ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. அதனால்தான் இதை முதலில் எழுதி வைக்கிறேன்.

காலையில் பேரீச்சம்பழப் பெட்டியை உடைத்தேன். மூடியைத் திறந்ததும் அந்த வாடை வந்தது. நீங்கள் அன்று ஒரு பழத்தை வாயில் போட்டு மென்று, விரல் நுனியில் எடுத்துப் பிள்ளையின் மேலண்ணத்தில் தடவினீர்களே, அதே வாடை. கை அப்படியே நின்றுவிட்டது. பேத்தி சாரா பக்கத்தில் இருந்தாள். அன்று தொட்டிலில் இருந்தவனுக்குத் தங்கச்சி, நீங்கள் பார்க்காத பிள்ளை. என்ன ஆச்சு என்று கேட்டாள். உன் அப்பாவை நினைத்தேன் என்றேன். அவளுக்கு நம் ஊர் வழக்கம் தெரியும், அப்பா என்றால் வாப்பாவைப் பெற்றவர். பழத்தை வாயில் அடக்கிக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

"அப்பாவோட நேம் என்ன வாப்பும்மா?"

உன் வாப்பாவிடம் கேள் என்றேன். வாப்பா ஆபீஸ் என்றாள். உம்மாவிடம் கேள் என்றேன். உம்மா மீட்டிங்கில் என்றாள். நான் பழத்தைத் தட்டில் அடுக்கினேன். அவள் என் கையைத் தட்டிக் கொடுத்தாள். "மறந்துட்டீங்களா? இட்ஸ் ஓகே வாப்பும்மா."

போய் அவள் உம்மாவிடம் சொல்லியும் விட்டாள். மீட்டிங் முடிந்து வந்த நஸ்ரீன் என் எதிரே உட்கார்ந்து, காய்ச்சல்காரியிடம் பேசுவதுபோலப் பேசினாள். "மாமி, அடுத்த அப்பாயின்ட்மென்ட்ல டாக்டர்கிட்ட ஒரு மெமரி டெஸ்ட் கேட்போமா?" எனக்கு. நம் நிக்காஹ் அன்று உங்கள் சட்டையில் எந்தப் பொத்தான் அறுந்திருந்தது என்று இன்றைக்கும் சொல்வேன், மேலிருந்து மூன்றாவது. அதைத் தைக்காமல் அனுப்பிய, உங்களுக்கு மூத்த ராத்தாவையும் மறக்கவில்லை.

நஸ்ரீனைச் சொல்லி என்ன. அவர்கள் வீட்டில் புருஷனைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். "காதர், டயப்பர் எடு" என்பாள், நான் காதைப் பொத்திக்கொள்வேன். நம் காயல்பட்டினத்தில் மாப்பிள்ளை பெண்வீட்டில் வந்து இருப்பது வழக்கம். வீடு என்னுடையது, சாவி என் இடுப்பில், ஆனாலும் பேர் என் வாயில் வரக்கூடாது. நீங்கள் வந்த முதல் நாளே என் உம்மா சொல்லிவிட்டாள், மரியாதை நாக்கில் இருக்கிறது என்று. காதர் பிறக்கும்வரை "இவங்க". பிறந்த பிறகு "காதர் வாப்பா". ரேஷன் கடையிலோ ஓட்டுச் சாவடியிலோ பேர் கேட்டால் சொல்வதற்கென்று பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தியைக் கூட்டிப்போவேன். நான் அவளைப் பார்ப்பேன், அவள் சொல்லுவாள். ஊரே அப்படித்தான் இருந்தது, யாரும் எங்களை மறதிக்காரிகள் என்று சொன்னதில்லை.

பேரோ சாதாரணப் பேர் இல்லை. மார்க்கத்தின் சூரியன் என்று அரபியில் பொருள். டெல்லியை ஆண்ட சுல்தான் ஒருவருக்கு இந்தப் பட்டம் இருந்ததென்று நம் தெருப் பள்ளிவாசல் ஆலிம் பயான் பேசும்போது சொன்னது நினைவிருக்கிறதா? அந்தக் காலத்தில் அது பெற்றவர்கள் வைத்த பேரே இல்லையாம், பெரிய ஆளானபின் மற்றவர்கள் கொடுத்த மரியாதையாம். பிறகு மார்க்கம் படித்த ஆலிம்களுக்குக் கொடுத்தார்கள், பிறகு வியாபாரிகள் வைத்துக்கொண்டார்கள், கடைசியில் நம் ஊரில் தொட்டிலுக்குத் தொட்டில் ஒரு சூரியன். அடையாளத்துக்கு நெட்டையர், கொழும்பார், சோடாக்கடையார் என்று கூப்பிட்டோம். கொழும்பார் உங்கள் வாப்பாவைப் பெற்றவர், கொழும்பில் கல் வியாபாரம் செய்தவர். அவர் பேர்தான் உங்களுக்கு வந்தது. ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வரவேண்டிய பேர். காதருக்கு மகன் பிறந்தால் அவனுக்கு என்பது நம் நிக்காஹ் அன்றே முடிவான விஷயம்.

என் வாயில் அந்தப் பேர் வந்த ஒரே இடம் ஓதல். சூரியன்மேல் ஆணையிட்டுத் தொடங்கும் சூரா ஒன்று குர்ஆனில் இருக்கிறதல்லவா, அதில் சூரியனுக்கான அரபுச் சொல் உங்கள் பேரில் பாதி. கல்யாணமான புதிதில் அதை ஓத வெட்கப்பட்டு உம்மாவிடம் கேட்டேன். ஓதும்போது குற்றமில்லை என்றாள். அன்று முதல் விடியலில் சுபுஹு தொழுததும் அதைத்தான் ஓதுகிறேன். நீங்கள் ஒருமுறை பக்கத்திலிருந்து கேட்டுவிட்டு, "என்னெய கூப்பிட்டியா?" என்றீர்கள். குர்ஆன் கையில் இருந்ததால் சிரிக்காமல் இருந்தேன்.

பிள்ளை பிறப்பதற்கு இரண்டு வாரம் முந்தி நாம் அமெரிக்காவில் வந்து இறங்கிய நாளைப் பற்றி நீங்கள் யாரிடமும் பேசியதில்லை. நான் பேசுகிறேன். ஏர்போர்ட்டில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பையன் உங்கள் பாஸ்போர்ட்டைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், மறுபடி உங்களைப் பார்த்தான். பிறகு என்னிடம் ஏதோ கேட்டான். போனில் அதை மொழிபெயர்க்க ஒரு தமிழ்க்குரல் வந்தது. "அம்மா, உங்க வீட்டுக்காரர் பேர் என்னன்னு கேட்கிறாங்க." நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் வாய் திறந்தீர்கள், அவன் கையைக் காட்டி உங்களை நிறுத்தினான். "பக்கத்துல தானே நிக்கிறாங்க, அவங்கள்ட்டெயே கேளுங்க" என்றேன். "நீங்கதான் சொல்லணுமாம், அம்மா" என்றது அந்தக் குரல். என் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் உங்கள் பேர் அச்சடித்திருக்கிறதே, அதில் விரலை வைத்துக் காட்டினேன். அவனுக்கு விரல் போதவில்லை, வாய் வேண்டும். கூட்டிப்போகப் பக்கத்து வீட்டுப் பெண் யாரும் அங்கே இல்லை.

உங்களை ஒரு அறைக்குக் கூட்டிப் போனார்கள், என்னை வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அசர் தொழுகை நேரம் போனது. கதவு திறக்கும்போதெல்லாம் ஒரு பெண் உங்கள் பேரைத் துண்டு துண்டாக உடைத்துப் படிப்பது கேட்டது. நீங்கள் எழுந்திருக்கவில்லை. அது உங்கள் பேர் என்று உங்களுக்கே தெரியவில்லை. வெளியே வந்தபோது தொப்பி தலையில் இல்லை, சட்டைப்பையில் இருந்தது. காரில் காதர் பதறிக் கேட்டபோது, "ஒண்ணுமில்லெ வாப்பா, பேரு நீளம், படிச்சு முடிக்க நேரமாயிட்டு" என்று சிரித்தீர்கள். அதற்குப் பிறகு காதர் குடியிருக்கும் ஃபிரிஸ்கோ தெருவில் நடக்கப் போகும்போதும் தொப்பி பையில்தான் இருந்தது. நான் கவனித்தேன். நீங்கள் என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். இன்றும் சொல்வேன், நான் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. அரை நூற்றாண்டு காத்த மரியாதையைக் கண்ணாடிக் கூண்டில் இருந்த ஒரு பையனுக்காக விட்டுவிட முடியுமா?

பிறகு பேர்ச் சண்டை. அதை நான் தனியாகத்தான் போட்டேன், நீங்கள் பின்தோட்டத்தில் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தீர்கள். "மாமி, இந்த ஊர் டீச்சருங்க வாயில அது நுழையாது" என்றாள் நஸ்ரீன். மெஹருன்னிசா அது கிழவர்கள் பேர் என்றாள். கிழவராகும் வரைக்கும் நீடித்து இருக்கத்தான் அந்தப் பேர் என்றேன். காதர் இரண்டு பக்கமும் தலையாட்டினான். பிறந்த நாள் முதல் அவனுக்கு அதுதான் வேலை. கடைசியில் நான் பெட்டியை எடுத்துக் கூடத்தில் வைத்தேன். இந்த வீட்டில் அந்தப் பேர் இல்லையென்றால் அடுத்த பிளைட்டில் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். நஸ்ரீன் அழுதாள். அழுதுவிட்டு, "சரி மாமி, உங்க இஷ்டம்" என்றாள். அதோடு விட்டாளா, கேக் சொன்னாள், அதன்மேல் அந்தப் பேரையே பச்சைக் கிரீமில் எழுதி வாங்கினாள். அந்தக் கேக்கைப் பார்த்தபோது அவள்மேல் இருந்த பாதிக் கோபம் போய்விட்டது. மீதி இருக்கிறது.

ஏழாம் நாள். நீங்கள் பிள்ளையை மடியில் வாங்கி, வலது காதில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொன்னீர்கள், இடது காதில் தொழுகையைத் தொடங்கும் இகாமத் சொன்னீர்கள். இனி பேர். குனிந்து மெல்லச் சொன்னீர்கள், யாருக்கும் கேட்கவில்லை. ராஜி போனைப் பிடித்துக்கொண்டு, "தாத்தா, வீடியோல விழலை, சத்தமா இன்னொரு தடவை" என்றாள். நீங்கள் நிமிர்ந்தீர்கள். என்னைப் பார்க்கவில்லை. "ஜயான்" என்றீர்கள்.

அது நஸ்ரீன் முதலில் ஆசைப்பட்டுக் கேட்டு, நான் வேண்டாமென்று அடித்துத் தள்ளிய பேர். காதில் ஓதிவிட்ட பேரை மாற்றுவது நம் வழக்கமில்லை, அது உங்களுக்குத் தெரியும். அதனால்தான் அந்த இடம்வரை காத்திருந்தீர்கள். நஸ்ரீன் எழுந்து அடுக்களைக்குப் போய்க் கேக்கிலிருந்த பேரைக் கத்தியால் வழித்தாள். அந்த வழித்த கிரீமைக் கிண்ணத்தில் வாங்கிச் சாப்பிட்டது நீங்கள். "என் பேரு இனிப்பாத்தான் இருக்கு" என்று அந்தோனியிடம் சொன்னீர்கள். அவன் சிரித்தான். எனக்குக் கிண்ணத்தைப் பிடுங்கி எறியவேண்டும்போல் இருந்தது.

தக்காளிச் செடிப் பக்கம் உங்களைப் பிடித்தேன். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று கேட்டேன். நீங்கள் குழாயை மூடிவிட்டுச் சொன்னீர்கள், ஒரு எழுத்து மாறாமல் எழுதுகிறேன்.

"அது பட்டம் புள்ளே. ஊரு குடுக்கணும். நாம தொட்டில்லெயே தலையில ஏத்திடுறோம். எனக்கு அது வெயிலாத்தான் இருந்துச்சு. பச்சப்புள்ளெ, நெழல்ல இருக்கட்டும்."

சூரியன் என்றால் வெயில் அடிக்காதா, அதற்காக அதை அணைத்துவிடுவார்களா என்று கேட்டேன். அப்போதுதான் நீங்கள் அதைச் சொன்னீர்கள்.

"நீயே சொல்லத் தயங்குற பேரு. அதெ அந்தப் புள்ளெ ஊரு பூரா சொல்லிக்கிட்டுத் திரியணுமா?"

தயக்கம். அந்த வார்த்தையை எங்கிருந்து எடுத்தீர்கள்? நான் தயங்கினேனா? பொத்திவைத்தேன். நகையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தெருவில் போகிறவள் ஒருத்தி, பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிறவள் ஒருத்தி. பூட்டியவளைப் பார்த்து உனக்கு நகைமேல் ஆசையில்லை என்று சொல்வார்களா? சொன்னீர்கள். சொல்லிவிட்டு மறுபடி குழாயைத் திறந்தீர்கள்.

ஊர் திரும்பியபின் அந்தப் பேச்சை நாம் எடுக்கவில்லை. எடுக்கலாம், நேரம் இருக்கிறது என்று கோபத்தை ஆறவிடாமல் வைத்திருந்தேன். நீங்கள் கண்மூடி மவுத்தானபோது பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் உங்கள் பேரைச் சொல்லி அறிவித்தார்கள், இன்னாருடைய பேரர், இன்னாருடைய மகன் என்று. யாரோ அந்தப் பேரை உரக்கச் சொல்லி நான் கேட்டது அதுதான் கடைசி. உங்களுக்காக வீட்டுக்குள் இருந்த இத்தா முடிந்ததும் காதர் வந்து என்னை இங்கே கூட்டிவந்தான். இந்த வீட்டில் எல்லாருக்கும் நீங்கள் அப்பா, இல்லையென்றால் வாப்பா. நஸ்ரீனுக்கு மாமா. நான் ஏன் அந்தப் பெட்டியைக் கூடத்தில் வைத்துச் சண்டை போட்டேன் என்று உங்களுக்குப் புரியவே இல்லை. பேரனுக்கு வைத்தாலும் என்னால் சொல்ல முடியாது, அது எனக்குத் தெரியாதா? மற்றவர்கள் கூப்பிடுவார்கள். சாப்பிட வா, செருப்பைக் கழற்று, ஸ்கூலுக்கு நேரமாச்சு என்று நாள் பூரா கூப்பிடுவார்கள். நீங்கள் போனபிறகு நான் ஒரு மூலையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அவ்வளவுதான் கேட்டேன். அதைத்தான் கத்தியால் வழிக்க வைத்தீர்கள்.

நஸ்ரீன் மெமரி டெஸ்ட் என்று சொல்லிவிட்டு எழுந்து போனபிறகு, சாரா பேரீச்சம்பழத் தட்டருகே வந்தாள். அந்த முகத்தில் எனக்காக ஒரு பரிதாபம் இருந்தது. அதை என்னால் பொறுக்க முடியவில்லை. உங்களை நான் மறந்துவிட்டேன் என்று ஒரு பிள்ளை நம்பிக்கொண்டு வளரும், அது மரியாதையா? அவளை இழுத்து மடியில் வைத்தேன். வலது காதுப் பக்கம் முடியை ஒதுக்கினேன். ஓதலில் வரும் பாதிவரை நாக்கு தானாகப் போனது, மீதிப் பாதிக்கு நான் தள்ளினேன்.

"அது அவ்ளோ கஷ்டமில்லையே" என்றாள் சாரா. ஒருமுறை சொல்லிப் பார்த்தாள், சரியாகவே சொன்னாள். பிறகு மாடிப்படியில் ஏறிக்கொண்டே அண்ணனிடம் கத்திச் சொன்னாள். அவன் மேலிருந்து திருப்பிச் சொன்னான். கொஞ்ச நேரம் அந்தப் பேர் மேலும் கீழும் போய்வந்தது. நான் அடுக்களையில் அடுப்பை அணைத்துவிட்டு நின்று கேட்டேன்.

கண்ணாடிக் கூண்டுக்காரப் பையன் அவன் வேலையைச் செய்தான், அவனை விட்டுவிட்டேன். மெஹருன்னிசாவை நோன்புப் பெருநாள் தோறும் கொஞ்சம் கொஞ்சமாக மன்னிக்கிறேன். நஸ்ரீனின் மீதிப் பாதிக் கோபத்தையும் இன்று கழித்துவிட்டேன், அவள் பிள்ளைக்காக. ஆனால் நான் பூட்டிவைத்ததைத் தயக்கம் என்று சொல்லிவிட்டு, நான் பதில் சொல்லுமுன் போய்ச் சேர்ந்த ஆள் ஒருவர் இருக்கிறார். நாளைக்கும் சுபுஹுக்குப் பிறகு அவரைப் பாதிப் பேர் சொல்லி ஓதுவேன். ஆனாலும் மன்னிக்கமாட்டேன். யாரென்று கேட்டால், இனி பக்கத்து வீட்டுப் பெண்ணைத் தேடமாட்டேன், நானே சொல்லுவேன், நானே எழுதுவேன்.

சம்சுத்தீன்.