காலி மனையில் நிற்கும் காவலர் அறை

அனுப்புநர்:
தையற்காரி (மனை எண் 41-க்கு உரியவள்),
காவலர் அறை,
கடற்கரைச் சாலைக் கடைசி.

பெறுநர்:
கட்டட அனுமதி அதிகாரி அவர்கள்,
கரையோர நில அலுவலகம்,
லிஃப்ட் ஓடாத மூன்றாம் மாடி.

பொருள்: என் காலி மனையில் வீடு கட்டத் தடை விதித்துவிட்டு, அதே மனையில் தங்கள் அலுவலகம் அறை கட்டியது குறித்து.

மரியாதைக்குரிய ஐயா,

1. மேற்படி மனை என் பெயரில் உள்ளது. பக்கவாதத்தில் விழுந்த என் கணவருக்காக, படியேறத் தேவையில்லாத ஓர் அறையும் கழிவறையும் கட்ட அனுமதி கேட்டேன். நாங்கள் குடியிருந்தது மாடி வீடு. குளிப்பாட்டக்கூட அவரைக் கீழே தூக்கி வர வேண்டும். அலை ஏறும் எல்லைக்குள் ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது என்று மறுத்தீர்கள். கரையைக் காப்பது நல்ல காரியம்தான்.

2. ஆனால் நான் திருட்டுத்தனமாகக் கட்டிவிடுவேன் என்று என் மனையில் ஒரு காவலரை நிறுத்தினீர்கள். அவருக்கு ஓர் அறை. அறைக்கு மின்விசிறி, குழாய், ஓடு பதித்த கழிவறை. யாரும் கட்டாமல் பார்த்துக்கொள்ள ஒரு கட்டடம்! அந்தச் செங்கலைக் கண்டால் மட்டும் கடலுக்குக் கோபம் வராதோ?

3. இதைக் கேட்க வந்தபோது தங்கள் உதவியாளர் தலை நிமிராமல், "அது தற்காலிகம்மா" என்றார். "என் புருஷனும் தற்காலிகம்தாங்க" என்றேன். "விதி தெரியாம பேசாதீங்க" என்று வெளியே அனுப்பினார். மாடியேறிய மூச்சுகூட எனக்கு இறங்கவில்லை. வயிறு எரிந்தது ஐயா. அதற்கு மரியாதையான வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

4. சென்ற வாரம் காவலரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டீர்கள். அடுத்தவர் வரவில்லை. "நிலம் உங்களுது, சாவிய வேற யார்கிட்டக்கா குடுக்கறது?" என்று பழைய காவலர் அதை என்னிடமே தந்துவிட்டுப் போனார். நேற்று என் தம்பிமார் என் கணவரைக் கட்டிலோடு இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். ஆசை தீர அவருக்குத் தலைக்கு ஊற்றினேன். 'கட்டடம் கட்டத் தடை' என்ற தங்கள் பலகையில் அவர் வேட்டி காய்கிறது.

5. ஆகவே, இந்த அறை விதிப்படி சரி என்றால், என் விண்ணப்பத்துக்கும் அதே விதிப்படி அனுமதி வழங்க வேண்டும். விதிமீறல் என்றால், இடிக்க வரும்போது அதைக் கட்டியது யார் என்பதையும் தங்கள் கையெழுத்தில் எழுதி எடுத்து வர வேண்டும். அந்தக் காகிதம் இல்லாமல் வந்தால் கதவு திறக்காது. மதியம் அவர் தூங்கும் நேரம். அப்போது தட்ட வேண்டாம் எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: மேற்படி காவலர் அறை
நாள்: குடிவந்த மறுநாள்

வாசலிலேயே உட்கார்ந்திருக்கும்,
(ஒப்பம்)
தையற்காரி