உழைத்து யாரும் மகனாவதில்லை

இன்று காலை குருத்தோலை ஞாயிறு ஊர்வலம் நம் கடைத்தெரு வழியாகப் போயிற்று. பச்சை ஓலை வாசம் வெங்காய நெடியையும் மீறிக் கடைக்குள் வந்தது. உன் லாரி கேபினில் வருஷா வருஷம் இந்த வாசம் அடிக்கும்; ஓலையைச் சிலுவையாக மடித்துக் கண்ணாடிக்குப் பக்கத்தில் செருகியிருப்பாய். இறங்கிக்கொண்டிருந்த லோடை அப்படியே விட்டுவிட்டு உன்னை நினைத்து நின்றேன் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். சரி, லோடை முடித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தொண்ணூற்றைந்தில் என் வெங்காயத்தை உன் லாரியில் ஏற்ற ஆரம்பித்தேன். பெரம்பலூரில் ஏற்றிக் கும்பகோணம் போகிற வழியில், அரியலூர் ரயில்வே கேட்டில் எப்படியும் மாட்டிக்கொள்வோம். சிமென்ட் கூட்ஸ் கடந்து முடிகிறவரை பேச்சுத்தான். அப்படி ஒரு நாள் கேட்டேன்: எங்கள் சிவனுக்கு ரெண்டு பையன்கள், உங்கள் சாமிக்கு ஒருத்தன்தானா, அந்த அம்மா யாரு என்று. வேறு யாராக இருந்தாலும் கோபித்திருப்பார்கள். நீ ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாய். அது பெற்ற கதை இல்லை அண்ணே என்றாய். விளக்கு எரிகிறபோதே வெளிச்சமும் இருக்கிறது. விளக்கு முந்தி, வெளிச்சம் பிந்தி என்று நாள் குறிக்க முடியாது. அந்தத் தந்தைக்கும் மகனுக்கும் அப்படித்தான் என்றாய்.

நான் விடவில்லை. யாவாரி சரக்கைக் கிள்ளிப் பார்க்காமல் வாங்குவானா?

"வெளிச்சத்த அடிச்சா அதுக்கு வலிக்காதேப்பா. உங்க ஆளு அடி வாங்கிச் செத்தாரே?"

நீ சிரிப்பை நிறுத்தினாய். அதற்குள் கேட்டைத் தூக்கிவிட்டார்கள், பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்தான். கியரைப் போட்டுக்கொண்டே சொன்னாய்: "அதனாலதாண்ணே வெளிச்சம்னு மட்டும் சொல்லாம மகன்னும் சொல்றோம். புள்ளைக்கு வலிச்சா அப்பனுக்கு வலிக்கும்ல."

உனக்கும் உன் வீட்டுக்காரிக்கும் பிள்ளை இல்லை. கன்னியாஸ்திரீகள் நடத்தின இல்லத்திலிருந்து நீங்கள் ஒரு பெண் குழந்தையை எடுத்து வந்தது நம் பழக்கத்துக்கு முந்தின கதை. நான் பார்க்கும்போது அது ரெட்டைச் சடையோடு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தது. உன் அண்ணன் மட்டும் அவளை ஏற்கவே இல்லை. எந்தச் சாதி ரத்தமோ, வளர்க்கலாம், வம்சத்தில் சேர்க்க முடியாது என்று உங்கள் மாதா கோயில் வாசலிலேயே நின்று சொல்லுவார். நீ மனசு உடைந்து பேசியது அது ஒன்றுக்குத்தான். இயேசு ஒருத்தர்தான் இயல்பிலேயே மகன் என்பாய். நாமெல்லாம் அவரால் அந்த வீட்டுக்குள் எடுத்துக்கொள்ளப்பட்ட பிள்ளைகள். ஆனாலும் அப்பன் சொத்துப் பங்கில் குறைச்சல் கிடையாது. ஞாயிறுதோறும் கோயிலில் இதைக் கேட்டுவிட்டு வந்து என் பிள்ளையை வெளியாள் என்கிறானே அண்ணன் என்பாய்.

எனக்கு அந்தப் பங்கு விஷயம் தொண்டையில் இறங்கவில்லை. அப்பன் முகம் பார்க்காமல், மூட்டை தூக்கி, தராசு பிடித்து, கடை போட்டவன் நான். சும்மா வருவது எதுவும் நிற்காது என்றேன்.

"நீங்க உழைச்சு மொதலாளி ஆனீங்கண்ணே. உழைச்சு யாரும் மகனாக முடியாது. அது குடுக்கிறது. குடுத்தா வாங்கிக்கணும், அவ்ளோதான்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கும்பகோணத்தில் இறங்கி, வாடகைப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு என் வழியே போனேன்.

உன் மகள் காலேஜில் சேர்ந்த வருஷம் நீ மாரடைப்பில் போய்விட்டாய். உங்கள் ஊரில் குழிக்குள் முதல் பிடி மண்ணை மூத்த மகன் போடவேண்டும். மகன் இல்லையென்றால் பங்காளி மகன். அதைப் போடுகிறவனைத்தான் ஊர் பிள்ளை என்று ஒத்துக்கொள்ளும். கல்லறைத் தோட்டத்தில் உன் அண்ணன் தன் பையனை முன்னால் நிறுத்தியிருந்தார். உன் மகள் அம்மாவைத் தாங்கிக்கொண்டு கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள். உங்கள் கோயில் சாமியார் ஜெபித்தார். கடைசியில் எல்லாரும் சேர்ந்து, கடவுளை 'எங்கள் தந்தையே' என்று கூப்பிடுகிற ஜெபத்தைச் சொல்லி முடித்தார்கள். அண்ணன் பையன் குனிந்து மண்ணை அள்ளினான்.

எனக்கு அங்கே என்ன உரிமை? வேற சாதி, வேற சாமி. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "பெரியவரே, இப்பத்தான எல்லாரும் 'எங்கள் தந்தையே'ன்னு கூப்பிட்டீங்க. நீங்க அவருக்கு எந்த வம்சத்துல புள்ள?"

யாவாரிப் பேச்சை இங்கே பேசாதே என்றார் அவர். சாமியார் தரையைப் பார்த்தார். பையன் கை மண்ணோடு, யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றான். அன்று நான் ஜெயிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஜெயித்தது உன் அண்ணி. இத்தனை வருஷம் புருஷன் பேச்சுக்கு மறுபேச்சு பேசாத மனுஷி, கூட்டத்தை விலக்கிப் போய் உன் மகளைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

"போ பாப்பா. ஒங்கப்பன் காத்துக்கிட்டு இருக்கான்."

பையன் தன் கையிலிருந்த மண்ணை அவள் கையில் கொட்டினான். அவள் போட்டாள். உன் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார், தடுக்கவில்லை.

நான் இன்னும் உன் கோயிலுக்குள் வரவில்லை, வருவேன் என்றும் நினைக்காதே. கடவுளுக்கு மகன் உண்டா என்பதைத் தீர்த்துச் சொல்ல எனக்குப் படிப்பு போதாது. ஆனால் பிள்ளையாவது என்றால் என்னவென்று அந்தக் குழிமேட்டில் பார்த்தேன். அவள் எதையும் நிரூபிக்கவில்லை, கெஞ்சவும் இல்லை. வாங்கிக்கொண்டாள்.

கல்லறைத் தோட்டத்து வாசலில், மண் போட்டவர்கள் கைகழுவிக்கொண்டிருந்தார்கள். அதுவரை அவள் என்னை 'வெங்காய மாமா' என்றுதான் கூப்பிடுவாள். அன்று சொம்பை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து, "கையக் காட்டுங்க பெரியப்பா" என்றாள். நான் மண் போடவே இல்லை, என் கை சுத்தமாகத்தான் இருந்தது. அந்தப் பெயருக்கு நான் என்ன செய்துவிட்டேன் என்று கேட்க வாயெடுத்தேன். பிறகு பேசாமல் ரெண்டு கையையும் நீட்டினேன்.

இன்றைக்கும் போனில் அப்படித்தான் கூப்பிடுகிறாள். ஒவ்வொரு தடவையும், விலை பேசாமல் வாங்கிக்கொள்கிறேன்.